பட்டு சொல்லும், நாக்கு சொல்லாது

ஆரணிப் பக்கத்துத் தறி ஊர்களில் தண்ணீரின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் சாயம் போடுகிறவரைக் கேட்க வேண்டும். கச்சாப் பட்டு நூலின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு வெறும் பிசின். சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்தால்தான் அது கழன்று, உள்ளிருக்கும் மினுமினுப்பு வெளியே வரும். கடினத் தண்ணீராக இருந்தால் அதிலுள்ள சுண்ணாம்பு சோப்போடு சேர்ந்து பிசுக்காகி இழைமேல் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எந்தச் சாயத்தில் முக்கினாலும் நூல் திட்டுத்திட்டாகத்தான் வாங்கும். தண்ணீரின் குறையைப் பட்டு ஒரே கொதியில் காட்டிக்கொடுத்துவிடும்.

நம் நாக்குக்கு அந்த நேர்மை கிடையாது. வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண் முதல் வாரம் முகம் சுளிப்பாள். பொங்கல் வருவதற்குள் அதுவே அவளுக்கு வீட்டுத் தண்ணீராகிவிடும்.

ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டுப் பக்கம் கமண்டல நாகநதி இருக்கிறது. ஆனால் வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு அல்ல. கிணறும் போரும்தான் கைகொடுக்கின்றன. திருவண்ணாமலை மாவட்டத்தின் பெரும்பகுதியில் அடியில் இருப்பது கெட்டிப் பாறை. பாறையில் தண்ணீர் விரிசல் வழியாகத்தான் ஊறும். அதனால் ஒரு வீட்டுக் கிணற்றில் சோப்பு நுரைக்கும். சுவர் தாண்டினால் துவரம்பருப்பு வேகாமல் அடம்பிடிக்கும்.

பருப்பு வேகாததும், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொருக்கு கட்டுவதும்தான் நம் பெரிய புகார்கள். கடினத்தில் ஒரு பகுதி கொதிக்க வைத்தாலே படிந்துவிடும். மற்றதற்கு மென்னீர்க் கருவி உண்டு. அது சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடும் என்பதால், குடிக்கிற குழாயை மட்டும் அதில் சேர்க்காமல் விடுவது நல்லது. இரும்புத் தண்ணீர் இன்னொரு தினுசு. இறைக்கும்போது கண்ணாடிபோல் இருக்கும். குடத்தில் ஒரு ராத்திரி நின்றால் காற்றுப் பட்டுச் செம்மண் நிறத்தில் அடியில் தங்கும். உயரத்திலிருந்து ஊற்றிக் காற்றாட விட்டு, தெளிய வைத்து, மணலில் வடிகட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இவையெல்லாம் வேட்டியைக் கெடுக்கும், குழாயை அடைக்கும், வாய்க்கு ருசிக்காது. ஆளைச் சாய்ப்பது அபூர்வம்.

இந்தப் புகார்களை நம்பித்தான் சுத்திகரிப்பு இயந்திரம் விற்கிற ஒருவர் வாசலுக்குப் பெட்டியோடு வருகிறார். நம் கிணற்றுத் தண்ணீர் ஒரு தம்ளர், அவருடைய இயந்திரத் தண்ணீர் ஒரு தம்ளர். இரண்டிலும் கம்பிகளை இறக்கி மின்சாரம் கொடுப்பார். நம் தம்ளர் கண்ணெதிரே பழுப்பாகிக் கூழ்போல் திரளும், அவருடையது அசையாது. வீட்டிலுள்ளவர்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். கரைந்தது அவருடைய இரும்புக் கம்பி! உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும், கம்பி துருவாகக் கரையும். உப்பில்லாத தண்ணீரில் பாயாது. அவ்வளவுதான் வித்தை. அவர் சட்டைப்பையிலிருக்கும் பேனா மீட்டரும் கரைந்த உப்பின் மொத்த அளவைத்தான் காட்டும். அது எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. கிருமி இருக்கிறதா என்றும் தெரியாது.

உண்மையில் பயப்பட வேண்டியவற்றுக்கு நிறமில்லை, ருசியில்லை. 1937இல் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில், முதுகும் மூட்டும் இறுகிப்போன ஜனங்களைப் பார்த்த மருத்துவர்கள் குடிதண்ணீரிலிருந்த புளோரைடுதான் காரணம் என்று எழுதினார்கள். 1945இல் அமெரிக்காவின் அயோவாவில் ஹன்டர் காம்லி என்ற மருத்துவர் உடம்பு நீலம் பாரித்த கைக்குழந்தைகளைப் பற்றி எழுதினார். பண்ணைக் கிணற்றுத் தண்ணீரில் பால் கலந்து கொடுத்திருந்தார்கள்; அதில் நைட்ரேட். இதில் கொடுமை என்னவென்றால், கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும், நைட்ரேட் இன்னும் செறிவாகும். தாயின் அக்கறையே எதிராளிக்குத் துணைபோகிறது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி ஒரு லிட்டரில் நைட்ரேட் 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. புளோரைடு 1 மில்லிகிராம், வேறு வழியே இல்லையென்றால் 1.5. கிணற்றங்கரையில் நின்று இதையெல்லாம் யாரும் சொல்லிவிட முடியாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி. இயந்திரம் வேண்டுமா, எந்த இயந்திரம் என்பதெல்லாம் அந்த ஆய்வு முடிவுத் தாள் கைக்கு வந்த பிறகு.

நைட்ரேட் எங்கிருந்து வருகிறது? வயலுக்குப் போட்ட யூரியாவிலிருந்து, மாட்டுக் கொட்டகையிலிருந்து, கக்கூஸ் உறைக்குழியிலிருந்து. உறைக்குழி நம்முடையதாக இருக்க வேண்டுமென்பதில்லை. கைப்பிடிச் சுவர் வரைக்கும்தான் கிணறு சொந்தம்; அதற்குக் கீழே அது ஊர்ச் சொத்து. பத்திரத்தில் எழுதிய நான்கு எல்லையும் மண்ணுக்கு மேலேதான் செல்லும். சுத்தமாக வைத்திருக்கும் என் கிணற்றை அடுத்த தெருவின் குழி கெடுக்கலாம். நான் அலட்சியமாகக் கொட்டுவது யார் வீட்டுப் பிள்ளையின் பால் டம்ளருக்கோ போகலாம். நாம் இறைத்துக் குடிப்பது ஒருவருக்கொருவர் செய்து வைத்ததை.

கிருமிக்கு மட்டும் செலவில்லாத வைத்தியம் உண்டு. ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். 4 மீட்டர் அகலமுள்ள வட்டக் கிணற்றில் 3 மீட்டர் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 37,700 லிட்டர். அதற்கு நூறு கிராமுக்கும் கொஞ்சம் குறைவு. வாளியில் குழைத்துத் தண்ணீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்ததும், மேலே தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளியில் எடுத்துக் கிணற்றுக்குள் இறக்கி நன்றாக அலசிவிட வேண்டும். ஒரு மணி நேரமாவது இறைக்கக் கூடாது. ராத்திரியில் போட்டால் தொந்தரவில்லை. ஆனால் குழி பக்கத்திலேயே இருந்தால் அடுத்த மழைக்கே பழைய கதைதான்.

புளோரைடையும் உப்பையும் கடினத்தையும் கொஞ்சம் தணிக்க மழைநீரால் முடியும். தமிழ்நாட்டில் 2003இலேயே மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள்; அன்று போட்ட குழாய்கள் பல இப்போது சாக்கடையைப் பார்த்துத் திரும்பி நிற்கின்றன. ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 930 லிட்டர். முதல் மழையை மாடி கழுவ விட்டுவிட்டு, அடுத்ததை ஜல்லியும் மணலும் போட்ட தொட்டி வழியாகக் கிணற்றில் இறக்கலாம். என்ன, அது எந்த விரிசலில் புகுந்து எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. வரப்புச் சண்டையில் பேச்சு நின்றுபோன பக்கத்து வீட்டுக்காரருக்கு முதலில் பருப்பு வெந்தாலும் வெந்துவிடும்.