கொடுத்த பணம் யாருடையது?

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு உலகம் அள்ளிக் கொடுத்தது. புத்தாண்டு பிறந்த சில நாட்களிலேயே எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, தன் சுனாமிப் பணிக்குப் போதுமான நிதி வந்துவிட்டதாகவும், இதற்கென இனி அனுப்ப வேண்டாம் என்றும் அறிவித்தது. மற்ற தொண்டு நிறுவனங்களிலிருந்து கண்டனம் எழுந்தது. அமைப்பு அசையவில்லை. ஏற்கெனவே கொடுத்தவர்களைத் தொடர்புகொண்டு, மிஞ்சும் பணத்தை டார்ஃபூர், நைஜர் போன்ற இடங்களில் செலவிடலாமா என்று அனுமதி கேட்டது. பெரும்பாலோர் சம்மதித்தார்கள், மிகச் சிலரே திருப்பிக் கேட்டார்கள்.

கேட்காமலே செலவிட்டிருந்தாலும் உயிர்கள்தானே பிழைத்திருக்கும்? உண்மைதான். ஆனாலும் கேட்டதே அறம். கொடுத்தவரின் சொல்லை மதிக்காத கருணை நெடுநாள் நிலைக்காது.

ஆனால் ‘இதற்கு மட்டுமே’ என்ற நிபந்தனைக்கும் ஒரு விலை உண்டு. அத்தகைய மானிய ஒப்பந்தத்தில் ஒவ்வொரு ரசீதும் ஒரு திட்டத்தின் கணக்கில்தான் ஏற வேண்டும். ஒரு திட்டத்தில் பணம் தேங்கிக் கிடக்க, பக்கத்துத் திட்டத்தில் மருந்து தீர்ந்துபோகும்.

இந்தக் கணக்குகளை எழுதவும் ஆள் வேண்டும்; ஆனாலும் நிர்வாகச் செலவு என்றாலே முகம் சுளிக்கிறோம். இஸ்லாமியக் கட்டாயக் கொடையான ஜகாத்தைப் பெறத் தகுதியுடையோராகக் குர்ஆன் சொல்லும் எட்டு வகையினரில், அதைத் திரட்டிப் பங்கிடும் பணியாளர்களும் அடக்கம். கணக்கெழுதுபவரின் கூலியும் தர்மத்தின் பகுதியே என்பதை அது மறைக்கவில்லை.

அடுத்த முறை நன்கொடை அளிக்கும்போது, முடிந்தால், தேவை எங்கோ அங்கே செலவிடுங்கள் என்று எழுதிக் கொடுங்கள். கணக்கையும் கேளுங்கள்.