நோவும் நோவின் நினைவும்

தேய்ந்த இடுப்பு மூட்டினை அகற்றி மாற்று மூட்டுப் பொருத்திக்கொண்டோர், நோவினும் மனச்சோர்வினாலேயே மிகுதியும் வாடக் காண்கிறோம். நேற்று இருபதடி நடந்தவர் இன்று பத்தடியில் தளர்கிறார். உடனே, ‘எல்லாம் வீணாயிற்று’ என்று கலங்குகிறார்.

நோவு அசாதா வேதநீயத்தின் பயன். பயன் தந்து உதிர்வது. அந்நோவையே ஓயாது எண்ணிப் புலம்புதலையோ உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் ஆர்த்தத் தியானத்தின் நால்வகையுள் ஒன்றாக வைத்தார். புதுவினை அவ்வழியே புகும். மருந்துண்டல் குற்றமன்று, மருந்தும் நால்வகைத் தானத்துள் ஒன்றன்றோ?

‘ஜினாலயத்தில் தரையில் அமர்ந்து வணங்க இயலவில்லையே’ என்பதே நம் முதியோரின் பெருங்குறை. மருத்துவர் இசையுங்காறும் பலருக்கு இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கலாகாது, சம்மணமும் ஆகாது. ஆயினும் காயோத்சர்க்கம் நின்றும் இயற்றத்தக்கது. பாகுபலியார் நின்றன்றோ தவமிருந்தார்! ஊன்றுகோல் பற்றி நிற்பார்க்கும் பஞ்ச நமஸ்காரம் உரியதே. ஓரடிக்கு ஒரு பதமாக அதனை ஓதி நடை பழகலாம்.