முக்காலியும் அமானிதமும்

கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கும் காலி மும்மொழிக் கல்வெட்டைப் பற்றி நம்மவர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். 1409ஆம் ஆண்டுத் தேதியிட்ட அந்தக் கல்லில் சீனம் புத்தருக்கும், தமிழ் தெனாவரை நாயனாருக்கும், பாரசீகம் இஸ்லாத்தை முன்னிட்டும் காணிக்கைகளைச் சொல்கின்றன. சீனப் பேரரசர் யொங்லேயின் பெயரால் கொண்டுவந்த கடற்தளபதி ஜெங் ஹீ பிறப்பால் முஸ்லிம். என் கண் போனதென்னவோ ஒரு சின்ன விஷயத்தில். சீனப் பட்டியல் தூபக்கலசம் ஐந்து என்று சொல்லி நிறுத்தவில்லை. பொற்கோடு இழைத்த பீடங்களோடு என்றும் சேர்க்கிறது. அரக்குப் பூச்சில் கூர்நுனியால் கோடு கீறி, கீறலுக்குள் பொன்னை நிரப்பும் வேலை அது. பூச்சாடிக்கும் விளக்குக்கும்கூட அப்படியே. தாங்குவதற்கென்று இருக்கிற ஒரு பொருளுக்கு எதற்கு இத்தனை அலங்காரம்?

இந்தக் கேள்வியை எனக்குள் போட்டது எங்கள் வீட்டுப் பித்தளை முக்காலி. யாழ்ப்பாணம் சோனகர் தெருவில் நாங்கள் இருந்த காலத்தில் மௌலூது, ராத்திபு நாட்களில் சாம்பிராணித் தட்டு அதன்மேல்தான் இருக்கும். நடுவீட்டின் கரடுமுரடான தரையிலும் அது ஆடாது. மூன்று கால் எங்கே வைத்தாலும் நிலைகொள்ளும். நான்கு காலுக்குத்தான் சமதரை வேண்டும். மேல் வளையத்தைச் சுற்றி ஒரு கொடி, கொடி வளையும் இடமெல்லாம் ஆறிதழ்ப் பூ, கால்கள் சேருமிடத்தில் நட்சத்திரம். உருவம் எதுவும் கிடையாது. கோயில்களில் சங்கு வைக்கும் முக்காலிகள் பலவற்றில் ஆமை இருக்கும். இதில் பூவும் கோடும் மட்டும்.

1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, உம்மா அதைப் பக்கத்து வீட்டு அக்காவின் கையில் கொடுத்துவிட்டு வந்தா. சரியாக ஐந்து ஆண்டு கழித்து, 1995இல் அதே ஒக்டோபர் 30 அன்று, வலிகாமத்துச் சனமே இடம்பெயர்ந்து நடந்தது. அந்த அக்காவும் நடந்தா. உடுப்பு மூட்டைக்குள் முக்காலியும் போயிருக்கிறது. அவவின் சொந்த ஊர் புங்குடுதீவு. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு புறப்படுகிற குறிகட்டுவான் துறைக்குக் கிட்டவாக, போர் முடிந்தபின் திரும்பிவந்து குடியிருந்தா. நான் போய்ப் பார்த்தபோது முக்காலி சாமியறையில் இருந்தது. அதன்மேல் சங்கு.

"வெறும் நிலத்தில சங்கை வைக்க மனம் வரேல்லைத் தம்பி. உங்கட சாமான். கொண்டு போங்கோ" என்றா.

ஊரில் ஒரு ஆலிம் நண்பரிடம் சொன்னேன். அமானிதமாக வைத்த பொருளை உடையவரின் அனுமதியில்லாமல் பயன்படுத்தினால் அதற்குப் பொறுப்பாளியாக வேண்டும் என்றார். சட்டம் அவர் சொன்னதுதான். வேறொருவர், வணக்கத்துக்குப் புழங்கிய பொருள், வீட்டுக்குள் எடுக்காதே என்றார். இன்னொருவருக்குப் பித்தளையில் பூவேலையே இஸ்ராப். மூவருக்கும் மரியாதையோடு சொல்கிறேன், அந்த மூட்டையை யாரும் தூக்கிப் பார்க்கவில்லை. சோற்றுப் பானையையே வழியில் விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு.

குராசானில் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் முஸ்லிம் கன்னார்கள் செய்த மூன்றுகால் விளக்குத் தண்டுகள் பலவற்றில், கொடிக்கும் பின்னலுக்கும் நடுவே அரபெழுத்தில் வாழ்த்து இருக்கும்: இதை உடையவருக்கு பரக்கத்தும் நல்வாழ்வும் என்கிற பொருளில். பெயர் இராது. சந்தையில் யார் வாங்குவார் என்று கன்னானுக்குத் தெரியாதல்லவா? விளக்கைத் தாங்குவதை வெறும் இரும்புக்கம்பியும் செய்யும். பூவேலை செய்வது வேறொன்று: இதைக் கவனமாகப் பிடி என்று எடுப்பவரின் கைக்குச் சொல்கிறது. எங்கள் முக்காலி அழகற்ற கம்பிவளையமாக இருந்திருந்தால் 1995இல் அந்த மூட்டையில் அதற்கு இடம் கிடைத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். ஆகவே அதை வீண்செலவு என்று ஒப்ப என்னால் முடியவில்லை. சங்கைத் தாங்கியதால் முக்காலி சங்கை வணங்கியதாகவும் ஆகாது.

ஜெங் ஹீயின் கொடையை இதற்கு முன்மாதிரியாகக் காட்ட ஆசைதான். ஆனால் அதே தளபதி 1411இல் இங்குள்ள ஆட்சியாளன் அளகேஸ்வரனைப் பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார். மூன்று பக்கமும் பொற்பீடம் அனுப்பியதில் கப்பற்படையின் கணக்கும் இருந்திருக்கும். அக்காவிடம் அப்படி ஒரு கணக்கும் இல்லை.

முக்காலியை அவவிடமே இரவலாக விட்டுவைக்க விரும்புகிறேன். இரவல் கொடுத்தால் பயன்படுத்தும் அனுமதியும் சேர்ந்தே போகும். நண்பர் சொன்ன சட்டச் சிக்கலும் இனிமேலுக்குத் தீரும். ஆனால் வாப்பா மௌத்தாகிவிட்டார். முக்காலி எனக்கு மட்டும் உரியதல்ல, வாரிசுகள் எல்லாருக்கும் அதில் பங்குண்டு. உம்மா சரி என்றுவிட்டா. புத்தளத்தில் இருக்கும் ராத்தா, வீட்டிலிருந்து வந்த பொருளென்று தன்னிடம் ஒரு கரண்டிகூட இல்லை என்கிறா. அவவுக்கு என்ன சொல்வதென்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.