காத்திருத்தலின் கூலி

உபயோகம் ஓய்ந்த இடத்தில்தான் அழகு தொடங்குகிறது என்ற எண்ணத்திற்கு நம்மிடையே செல்வாக்கு அதிகம். 1790இல் கான்ட் எழுதிய பற்றற்ற ரசனை பல கை மாறி, வேலையையும் ரசனையையும் எதிரெதிரே நிறுத்தும் சௌகரியமான சூத்திரமாகிவிட்டது. இங்கிலாந்தில் கால்வாய்ப் படகில் ஒரு பகல் போய்வந்த எனக்கு இந்தச் சூத்திரம் போதவில்லை.

வூஸ்டர்–பர்மிங்ஹாம் கால்வாய் 1815இல் முடிந்தது. அதில் டார்டபிக் என்ற இடத்தில் 30 லாக்குகள் வரிசையாக நின்று படகை 220 அடி உயரம் ஏற்றுகின்றன. (லாக்குக்குத் தமிழ் தேடி நான் மெனக்கெடவில்லை.) இரு முனையிலும் கதவுள்ள நீளத் தொட்டி அது. ஏழடி அகலப் படகு உள்ளே வந்ததும் கீழ்க்கதவைச் சாத்தி, இரும்புக் கைப்பிடியைச் சுழற்றி மேல்மடையைத் திறக்கவேண்டும். தண்ணீர் ஏற, படகும் ஏறும். உள்ளும் வெளியும் மட்டம் ஒன்றாகும்வரை மேல்கதவை எத்தனை பேர் தள்ளினாலும் அசையாது. ஒன்றானபின் ஒருவர் முதுகைக் கொடுத்தால் போதும். இடைப்பட்ட நிமிஷங்களில் செய்வதற்கு எதுவுமில்லை. அந்த நிமிஷங்களில் நான் அடைந்தது நிஜமான அமைதி.

இதே கைப்பிடியைச் சுழற்றியவர்கள் முன்பு இருந்தார்கள். படகின் பின்புறம் சுமார் பத்தடி நீள அறையில் ஒரு குடும்பமே வாழ்ந்தது. மனைவியும் குழந்தைகளும் கதவு தள்ளினார்கள். கூலி கணவன் கையில் வந்தது. அந்தக் கூலியும் ஏற்றிய சுமைக்குத்தான், கழிந்த நாளுக்கல்ல. குழந்தைகளின் நிலையைப் பார்த்து 1877இல் பார்லிமெண்ட் ஒரு சட்டம் செய்தது. 1962–63 குளிர்காலத்தில் கால்வாய்கள் உறைந்தன. சரக்குப் படகுகளின் காலம் அதோடு ஏறக்குறைய முடிந்தது.

தண்ணீர் அவர்களுக்கும் இதே வேகத்தில்தான் ஏறியது. ஆனால் ஒவ்வொரு நிமிஷமும் அவர்கள் கூலியிலிருந்து கழிந்தது. மாதச் சம்பளக்காரனுக்குக் காத்திருத்தலுக்கும் சம்பளம் உண்டு.

அப்படியானால் என் அமைதி போலியா? அப்படிச் சொல்லிக் குற்ற உணர்வில் குளிப்பது சுலபம். உழைப்பே அழகு, அவர்களும் ரசித்திருப்பார்கள் என்பது அதைவிடச் சுலபம். இதற்குச் சான்றாகக் காட்ட ஒன்று இருக்கிறது: அவர்கள் படகுக் கதவுகளிலும் தண்ணீர்க் குடங்களிலும் ரோஜாக்களையும் கோட்டைகளையும் தீட்டி வைத்திருந்தார்கள். வேலை ஓயும்வரை அழகு காத்திருக்கவில்லை என்பதற்கு அந்த ரோஜாக்கள் சாட்சி. லாக்கில் நிற்பதை அவர்கள் விரும்பினார்கள் என்பதற்குச் சாட்சியல்ல.

வித்தியாசம் உழைப்பில் இல்லை. பதினைந்தாவது லாக்கில் கை வலித்தபோது, படகைக் கட்டிவிட்டு டீ குடிக்கலாமா என்று யோசித்தேன். அந்த யோசனை அவர்களுக்குக் கிடையாது. ஆகவே என் அமைதி என்னுடையது. அதை லாக்கின் குணமாக எழுத எனக்கு உரிமையில்லை. லாக் பொறுமையைக் கற்பிக்கிறது என்று ஒரு கவிஞன் எழுதினால், விலகிப்போக முடியாதவர்களின் நிர்ப்பந்தத்தைத் தண்ணீரின் தத்துவமாக மாற்றிவிடுகிறான். உழவனின் பொறுமை, தாயின் பொறுமை என்று நாம் எழுதிக் குவித்திருப்பதிலும் இந்த மோசடி இருக்கிறதென்றே எனக்குப் படுகிறது.

கால்வாய்ப் பாலங்களின் விளிம்பிலுள்ள இரும்புக் காப்பில் விரல் நுழையும் பள்ளங்கள் உண்டு. குதிரைகள் இழுத்த கயிறு அறுத்தவை. எல்லோரும் அதைப் படமெடுக்கிறார்கள். நானும் எடுத்தேன். நன்றாக வந்திருக்கிறது.