தவறவிட்ட சந்தை

அதியமான்கோட்டையில் எழுந்தருளியிருக்கும் சென்றாயப் பெருமாளின் சந்நிதியில் இத்திருநாளில் அடியேன் விண்ணப்பிக்க விழைவது, பள்ளிப் பருவத்தில் கைநழுவிப் போன ஒன்றைப் பற்றியே.

ஸ்ரீமத் பாகவதத்தில், ஆசிரியர்கள் இல்லாத வேளையில் விளையாட அழைத்த அசுரச் சிறுவர்களைப் பிரகலாதாழ்வான் அருகிருத்தி ஒரு கணக்குச் சொல்கிறான். ஆயுள் நூறென்றால் பாதி உறக்கத்தில் கழியும். அறியாமையிலும் விளையாட்டிலும் இருபது. தளர்ந்த மூப்பில் இருபது. எஞ்சுவதோ சொற்பம். ஆகவே பகவத் விஷயத்தை இளமையிலேயே தொடங்குக என்பது அவன் உபதேசம்.

அடியேனுக்கும் அவ்வுபதேசம் வாய்த்தது. உயர்நிலைப் பள்ளியில் படித்த நாளில், எங்கள் ஊர்க் கோயிலில் பாசுரம் சேவிக்கும் பெரியவர் ஒருவர், "பள்ளி விட்டதும் சிறிது நேரம் வந்து போ, குழந்தாய். திருப்பல்லாண்டு பன்னிரண்டு பாட்டுத்தானே! சந்தை சொல்லி வைக்கிறேன்" என்பார். "பரீட்சை முடியட்டும், ஸ்வாமி" என்று சொல்லிப் பந்தாட ஓடுவேன். பதினோராம் வகுப்புப் பரீட்சை முடிந்து சந்நிதிக்குச் சென்றபோது, அவர் திருநாட்டுக்கு எழுந்தருளி ஒரு மாதமாகியிருந்தது. இன்றும் கோஷ்டியில் பிறர் கண்மூடிச் சேவிக்க, அடியேன் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு நிற்கிறேன்.

இவ்வருத்தம் நம்மைப் போன்றோர்க்கு மட்டும் உரியதன்று. நாதமுனிகளிடம் யோக ரகசியம் பெற்றவர் குருகைக் காவலப்பன். அதனை ஆளவந்தாருக்கு அருள, அவர் ஒரு நாளைக் குறித்துக் கொடுத்தார். ஆளவந்தாரோ திருவனந்தபுரத்துப் பெருமாளைச் சேவிக்கச் சென்றவிடத்தில், குறித்த நாள் அதுவே என்பதை உணர்ந்தார். ஒரு நொடியில் திரும்பப் புஷ்பக விமானம் இல்லையே என்று நைந்தார் என்பது குருபரம்பரை வரலாறு. அந்த ரகசியம் அத்துடன் மறைந்தது.

ஆனால் ஆளவந்தார் வருத்தத்திலேயே தேங்கிவிடவில்லை. காஞ்சியில் இளைய ராமாநுசரைக் கண்டதும், இவரே தரிசனத்தை வளர்க்க வேண்டுமென்று பேரருளாளனைப் பிரார்த்தித்தார். பின்னர் ராமாநுசர் திருவரங்கம் வந்தபோது, ஆளவந்தார் பரமபதித்திருந்தார். கண்ணாரக் கண்டு பாடம் கேட்கும் பேறு அவருக்கும் தவறியது. ஆயினும் பெரிய நம்பி, திருக்கோட்டியூர் நம்பி, திருமலையாண்டான், திருவரங்கப்பெருமாளரையர், பெரிய திருமலை நம்பி என்னும் ஆளவந்தாரின் சீடர் ஐவரும் தாம் பெற்றதை அவருக்கு வழங்கினர். குருவை இழந்தவருக்குக் குருவின் செல்வம் இழவாமல் வந்து சேர்ந்தது.

இதில் நமக்குரிய பாடம் யாது? அநுதாபம் கண்ணீரோடு நின்றால் அது வீண். பின்வருவோர்க்குச் செய்யும் கைங்கர்யமாக மாறினால், அதுவே எம்பெருமானின் அநுக்ரஹம். சென்ற ஆண்டு முதல் அடியேனும் பேரனும் அருகருகே அமர்ந்து திருப்பல்லாண்டு கற்கிறோம். அவன் பன்னிரண்டையும் முடித்துவிட்டான். அடியேன் எட்டாம் பாட்டில் நிற்கிறேன். மறந்த அடியை அவன் எடுத்துக் கொடுக்கும்போது, அந்தப் பெரியவரே சந்தை சொல்வதாகத் தோன்றுகிறது.

பெறற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஒளவைக்கு ஈந்த அதியமான் ஆண்ட தகடூர் நாடு இது. மூத்தோர் சொல்லும் நெல்லிக்கனி போல முன்னே கசந்து பின்னே இனிக்கும் என்பர். பள்ளிப் பிள்ளைகளே, அக்கசப்பை இன்றே சுவைத்துவிடுங்கள். பரீட்சை முடியட்டும் என்று தள்ளாதீர்கள். பெரியோர்களே, அறிந்தது ஒரே பாட்டாயினும் இன்றிரவே வீட்டுக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுங்கள். சென்றாயப் பெருமாள் அதனை நாம் சாத்தும் திருத்துழாயாக ஏற்றருள்வான்.

அடியேன், தாஸன்.