கல் பழகும்

வடசென்னைக் கடலோரத்தில், காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை, ஜன்னல் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருவேறும் என்று அங்கே குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த உப்புக்காற்றிலும் சில வீடுகளில் பாட்டி காலத்து வார்ப்பிரும்பு தோசைக்கல் கறுகறுவென்று மினுங்கும். தினமும் அடுப்பேறுகிற கல் அது. பத்திரமாகப் பரணில் போட்ட கல்தான் சிவந்துபோய்க் காயலான் கடைக்கு வந்து சேரும்.

அங்கே வாங்குகிறவர் முதலில் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று கேட்டால் எடுக்கலாம். சத்தம் மந்தமாக இருந்தால் எங்கோ விரிசல். 2 முதல் 4 சதவீதம் கரி கலந்த இரும்பு வார்க்கச் சுலபம், கீழே விழுந்தால் உடையவும் சுலபம். வலைக்குண்டுக்கோ பேட்டரிக் கடையிலோ ஈயம் உருக்கிய சட்டியோ என்று சந்தேகம் வந்தால், சும்மா கொடுத்தாலும் வேண்டாம். எத்தனை தேய்த்தாலும் அதை நம்பிச் சமைக்க முடியாது.

பிறகு துருவைத் தேங்காய் நாரால் தேய்த்தெடுத்து, அரிசி கழுவிய தண்ணீரில் ஊறவைத்து, அடுப்பில் ஈரம் போகக் காயவைத்து, நல்லெண்ணெயை மெல்லிசாகத் தடவிப் புகையவிட வேண்டும். திரும்பத் திரும்ப. சூட்டில் எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகி, இரும்பின்மேல் தோலாகப் படியும். புளி அந்தத் தோலை அரித்துவிடும். வஞ்சிரம் வறுக்க இரும்பு, குழம்புக்கு மண்சட்டி என்று பிரித்து வைத்தவர்கள் விவரமானவர்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பழசு என்றுதான் காசு கொடுக்கிறோம். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பழசைத்தான் முதலில் சுரண்டி எறிகிறோம். முகம் தெரியாத ஒருத்தி ஆண்டுக்கணக்கில் தோசை வார்த்து ஏற்றிய கறுப்பு, துருவோடு போய்விடுகிறது. மிஞ்சுவது, வார்த்த அன்றிருந்த இரும்பு. 1959இல் தொடங்கிய எண்ணூர் ஃபவுண்டரீஸில் லாரி எஞ்சினுக்கு வார்ப்படம் ஊற்றினார்கள்; அதுபோன்ற உலைகளில் பழைய இரும்பு உருகும்போது அதன் முந்தைய வாழ்வு மொத்தமும் ஒரே மூச்சில் கரைந்துவிடும். அதையே நாம் நாரால் மெதுவாகச் செய்கிறோம். கல்லின் வயது இரும்பில் இருந்ததே இல்லை, அவள் கையில் இருந்தது. அதைக் காயலான் கடைக்காரர் நிறுத்து விற்க முடியாது.

ஆகவே கொஞ்ச நாளைக்குத் தோசை ஒட்டத்தான் செய்யும். தோசைக்கரண்டியால் சுரண்டியெடுத்த துண்டுகளைச் சட்னியில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு, மறுநாளும் அதே கல்லில் வார்க்க வேண்டியதுதான்.