தேகாப்பியாச வேளை யாருடையது?

பரீட்சை அணுகுங்கால், தேகாப்பியாசத்திற்கென வகுத்த பாடவேளையைக் கணிதத்திற்கு எடுத்துக்கொள்ளுதல் தருமமாகுமோ? இவ்வினாவை உபாத்தியாயர்கள் முன் வைக்கின்றோம். நாமும் அங்ஙனஞ் செய்தவர்களே.

ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் ஏழைப் பிள்ளைக்கு நல்வாயில் திறப்பதென்பது மெய். ஆயினும், பிறர் பொருளைக் கவர்ந்து அவர்க்கே தானஞ் செய்தல் தானமாகாது.

“எம் மாணாக்கர் மெலிந்தவர், பருத்தவர்க்கன்றோ அப்பியாசம் வேண்டும்” என்பாருமுளர். கண் கூறும் இச்சான்று கொள்ளத்தக்கதன்று. புனே நகரையடுத்த கிராமங்களின் சிசுக்களை இங்கிலாந்தின் சவுதாம்டன் நகரத்துச் சிசுக்களோடு ஒப்பிட்டு 2003ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. புனேச் சிசுக்கள் நிறையிற் பெரிதுங் குறைந்திருந்தும், தோலின் கீழுள்ள கொழுப்பில் அத்துணை குறைந்திலர் என அது காட்டிற்று. உடற்றிணிவுச் சுட்டி ஒத்திருப்பினும், ஐரோப்பியப் பிள்ளைகளினும் தென்னாசியப் பிள்ளைகட்குக் கொழுப்பு மிகுதியும் தசை குறைவுமாதலைப் பிற ஆராய்ச்சிகளும் காட்டின. ஆகவே, மெலிந்த தேகம் வலிய தேகமென்று துணிதல் கூடாது.

கண்டி நகரத்துப் பிள்ளை கட்டுகஸ்தோட்டை வீதியிலும் பேராதனை வீதியிலும் வாகனத்துள் அமர்ந்தே வருகின்றது. வீடு சேர்ந்தும் தனிவகுப்பில் அமர்கின்றது. மலைத்தோட்டப் பிள்ளையோ மேடும் பள்ளமும் நடக்கின்றது. அதற்குக் குறைவது பெரும்பாலும் உணவு. 2016ஆம் ஆண்டின் ஆய்வின்படி, ஐந்து வயதிற்குட்பட்டோருள் வயதிற்கேற்ற உயரமில்லாதார் இலங்கை முழுதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டங்களில் 32 பேர். பசித்த பிள்ளையை ஓடென்று ஏவுதலும், உண்ட பிள்ளையை அசையாது இருத்தலும் ஒரே பிழையின் இரு முகங்களாம்.

பூப்புப் பருவத்திற் பெண்பிள்ளைகட்குக் கொழுப்புச் சேர்தல் இயற்கை, குற்றமன்று. ஆதலின், நிறையை வகுப்பறிய உரைத்தலும், பட்டப்பெயரிட்டு நகைத்தலும் ஆசிரியர்க்கு அடா. நகையாடப்பட்ட பிள்ளை மைதானத்தையே வெறுக்கும், மருந்தே நஞ்சாய்விடும்.

ஐந்து முதற் பதினேழு வயதினர் நாடோறும் சராசரி 60 நிமிடம் தேகத்தை நன்கு இயக்கவேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020இல் விதித்தது. பாடசாலை கொடுப்பது இதிற் சிறு கூறே, அதனையும் பறிக்கலாமோ? மழை பெய்யின், மேசைகளை ஒதுக்கி மண்டபத்திலேனும் பயிற்றலாம்.

ஆன்மா கற்பதற்குக் கருவி இச்சரீரம். அதனை வளர்க்கும் வேளை பிள்ளையின் உடைமை. நம்மிடத்து வைத்த அடைக்கலப் பொருள். அடைக்கலத்தைக் காப்பதோ செலவிடுவதோ ஆசிரியர்க்கு அழகென்பதை அவரவர் நெஞ்சே கூறும்.